ஈறு நிறத்தில் ஒரு மூடி

ஏலத்தில் தோற்றுவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் ஆபீஸ் முழுவதற்கும் சமோசா வாங்கிக் கொடுத்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தெரியாமல் தோற்கவில்லை. இணையத்தில் நடந்த ஏலம் அது. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாம் என்று பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனவன், ‘வேண்டாம், அவரே எடுத்துக்கொள்ளட்டும்’ என்று விரலை எடுத்துவிட்டேன். எடுத்த கணத்தில் எனக்கே என்மேல் பெரிய மரியாதை பிறந்தது. தேனாம்பேட்டையில் எங்கள் ஆபீஸுக்குக் கீழே இருந்த கடையில் அப்போதுதான் சமோசா போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், “ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன்” என்றேன். தலைமுடி எண்ணெய்க்கு விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறவன் நல்ல காரியம் செய்தான் என்றால் யார் நம்புவார்கள்? சமோசா சூடாக இருந்ததால் நம்பினார்கள்.

அந்தச் சமோசா எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அதற்குக் காரணமான மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. அபிராமபுரத்தில் நாங்கள் இருந்த பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. எல்லாருக்கும் அவர் பல்லு சார்.

பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செட் கட்டுகிறவர். லஸ் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடிப்படி ஏறும்போதே மூக்கைத் துளைக்கிற ரசாயன வாசனையோடு ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பலகைகள், பலகைகள் முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். நடுவில் ஒரு ஸ்டூலில் சார், சட்டைப் பையில் வெள்ளைத் தூள் படிந்திருக்க, யாருடைய ஈற்றையோ சின்னக் கத்தியால் செதுக்கிக்கொண்டிருப்பார். மயிலாப்பூரில் பாதிப் பேர் அவர் பல்லால்தான் முறுக்கு கடித்தார்கள்.

அவருக்கு மட்டும் மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. சிரிக்கும்போது இடது கையால் வாயை மூடிக்கொள்வார்.

“ஏன் சார், உங்களுக்கு ஒண்ணு கட்டிக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“கட்டணும் தம்பி. ஆர்டரு நெறைய இருக்கு. அவங்கல்லாம் முடியட்டும்.”

பதினாறு வருஷமாக அவங்கல்லாம் முடியவில்லை.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும். இருந்தாலும் மீன்கடையைச் சொல்லாமல் விட மனசில்லை. சார் கத்தோலிக்கர், சாந்தோம் கோயில் பங்கில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கப் போவார். அவரிடம் வண்டி கிடையாது. என் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போவேன். நான் மீன் பக்கமே போகாத வீட்டில் பிறந்தவன். ஸ்கூட்டரை இருபதடி தள்ளி நிறுத்திவிட்டு, மூக்கில் கைக்குட்டையோடு, குற்றவாளியைப் பிடிக்க வந்த சாதா உடுப்புப் போலீஸ்போல நிற்பேன். அங்கிருந்து பார்த்தாலே நாடகம் தெரியும். சார் ஒரு வஞ்சிரத்தை எடுப்பார். பக்கத்தில் ஒரு அம்மா, “அது நல்லாருக்குதே” என்பார். சார் உடனே மீனை அவர் கூடையில் வைத்துவிடுவார். வேறொன்றை எடுப்பார். வேறொருவர் பார்ப்பார். கடைசியில் கையில் நெத்திலி இருக்கும்.

மீன்காரம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“இன்னா நைனா, நீ மீனு வாங்க வரியா, ஊருக்குப் பங்கு போட வரியா?”

“அவங்களுக்கு வேணும்போல இருக்கும்மா.”

“உனக்கு இன்னாத்துக்கு நாக்கு கீது?”

அதற்குப் பிறகு அந்த அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பலகைக்கு அடியில் ஒரு மீனை ஈரச் சாக்கில் சுற்றி முன்கூட்டியே ஒளித்து வைத்துவிடுவார். சார் வந்ததும் பேச விடாமல் பையில் போட்டுவிடுவார். “இது உன்னுது. நீ வாயத் தொறக்காத, நடையக் கட்டு.” அன்றைக்கெல்லாம் சார் வீட்டு மாடியில் வஞ்சிரம் வாசனை வரும். இந்த உத்தியை நான் மனசில் குறித்துக்கொண்டேன். பின்னால் எல்லாம் கெட்டுப்போனதற்கு அந்த மீனும் ஒரு காரணம்.

கட்டடத்தில் எல்லாரும் சாரைத் தங்கமான மனுஷன் என்றோம். தண்ணி லாரி வந்தால் முதல் ஆளாகக் குடத்தோடு இறங்கி, கடைசி ஆளாக அரைக் குடத்தோடு ஏறுவார். அவர் மனைவி பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் மட்டும் எங்களோடு சேர்ந்து புகழ மாட்டார். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்திருந்த தேதியை, யாரோ ஒருவர் வந்து அவசரம் என்று கேட்க, சார் விட்டுக்கொடுத்துவிட்டாராம். அடுத்த தேதி கிடைப்பதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் தாண்டி, மே மாச வெயிலில், வந்தவர்கள் எல்லாம் வேர்வையில் குளித்துப் பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்தினார்கள்.

“எல்லாரும் இவர விட்டுக்குடுக்கற மனுஷன்னு சொல்றீங்க தம்பி,” என்றார் டீச்சர் ஒருதரம். “விட்டுக்குடுக்கறதெல்லாம் எங்க வீட்டுதுதான்.”

இந்த மனிதர் ஏலத்தில் இறங்கினார் என்பதுதான் வேடிக்கை.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டு மணியை அடித்து, “தம்பி, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமில்ல?” என்றார். லேப்டாப்பில் எண்ணெய் விளம்பரம் எழுதுகிறவனுக்கு அது தெரியும் என்று நம்புகிற ஊர் இது. நானும் தெரியும் என்றேன். வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் பழைய மரப் புல்லாங்குழல்களைக் கேட்க வேண்டும் என்றார். நம்மூர் மூங்கில் குழல் இல்லை. கறுப்பு மரத்தில் கடைந்தது, மூன்று துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம், சில துளைகளுக்கு மட்டும் பளபளப்பான உலோக மூடிகள் இருக்கும், விரலால் அமுக்கினால் திறக்கும். ஐரோப்பாவில் தாத்தா இறந்துபோனால் பரணில் இருந்து இறக்கி, அடிமாட்டு விலைக்கு ஏலத்தில் போடுவார்களாம். விரிசல் விட்டது, மூடி போனது, தக்கை இற்றது.

தளத்தில் ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ஆங்கில எழுத்தில் ‘பல்லு சார்’ என்றே வைத்தேன். எப்படிக் கேட்பது என்று செய்து காட்ட எனக்கும் ஒரு கணக்குத் திறந்து, ‘கழுதை’ என்று வைத்துக்கொண்டேன். நான் பாடுவதைக் கேட்டவர்கள் வைத்த பெயர்தான். சார் இடது கையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

அன்றிலிருந்து அவர் ஏலம் கேட்கும் அழகை நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தேன். ஒரு தடவைதான் கேட்பார், மிகக் குறைந்த விலையில். பிறகு, யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்ப்பார். அதில் முழுப் பெயர் வராது. முதல் எழுத்து, நடுவில் நட்சத்திரங்கள், கடைசி எழுத்து, பக்கத்தில் நாடு. அவ்வளவுதான் இருக்கும். சாருக்கு அது போதும்.

“போலந்துல ஒருத்தர் கேட்டிருக்கார் தம்பி. அங்க குளிர் காலம். வெளிய போக முடியாது. வீட்டுல உக்காந்து வாசிக்கட்டும்.”

“சார், அவர் கடைக்காரரா இருப்பார். வாங்கி ரெண்டு மடங்குக்கு விப்பார்.”

“இருக்கட்டும். அவருக்கும் குடும்பம் இருக்குமில்ல.”

ஆக, உலகத்தில் வேறு ஒருவருமே கேட்காத குழல்தான் சாருக்கு வரும். மூன்றாக உடைந்தது, கரையான் அரித்தது, ஒருமுறை நடுத்துண்டே இல்லாதது. பல் கட்டும் மெழுகாலும் சிமெண்டாலும் விரிசலை அடைப்பார். பல்லுக்குப் போடும் மெருகைக் குழலுக்கும் போடுவார். பளபளவென்று ஆனதும் யாராவது “நல்லா இருக்கே சார்” என்பார்கள். கொடுத்துவிடுவார். எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் ஊதியதைக் கேட்டு என் மனைவி, “குக்கர் விசில்னு நெனச்சிண்டு அடுப்ப அணைச்சுட்டேன். தயவுசெஞ்சு அத உள்ள வையுங்கோ” என்றாள். “கச்சேரி பண்ணிக் காட்டறேன் பாரு, இதவிட நல்ல குழல் ஒண்ணு கெடைக்கட்டும்” என்று மாடிக்கும் கேட்கும்படி சவால் விட்டேன். சார் காதில் விழுந்திருக்க வேண்டும். விழுந்திருக்கக் கூடாது.

எதற்கு இத்தனை குழல் என்று நான் கேட்கவில்லை. பொழுதுபோக்கு என்று நினைத்தேன். டீச்சர்தான் சொன்னார்.

சாருக்கு ஒரு அண்ணன். இளவயதில் கோயில் பாட்டுக்குழுவில் குழல் வாசித்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு பாதிரியார் விட்டுச்சென்ற கறுப்பு மரக் குழல் அது. ஒரு மூடி உடைந்துபோக, அப்போது பல் கட்டும் தொழிலில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, பல் செட்டுக்கு ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பொருளில் மாற்று மூடி செய்து பொருத்தினார். கறுப்புக் குழலில் ஈறு நிறத்தில் ஒரு மூடி. பாட்டுக்குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மாற்றவே இல்லை. என் தம்பி செய்தது என்று எல்லாருக்கும் காட்டினார்.

அண்ணன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது குழலைத் தம்பியிடம் விட்டுப் போனார். அந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் குழலைக் கையில் வாங்கிப் பார்த்து, என் அப்பா இதே மாதிரி வைத்திருந்தார் என்று சொல்லிக் கண் கலங்கினார். சார் கொடுத்துவிட்டார். காசுகூட வாங்கவில்லை.

அண்ணன் திரும்பி வந்து ஒரே ஒரு வாக்கியம் பேசினாராம். “உன்னுத யாருக்கு வேணா குடு. என்னுத எப்படிடா குடுப்ப?” அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அண்ணன் வீடு அடையாறு. நடுவில் ஒரு ஆறும் ஒரு பாலமும். பண்டிகை நாளில் இருவரும் ஒரே கோயிலுக்குப் போவார்கள். ஒருவர் காலைப் பூசை, ஒருவர் மாலைப் பூசை.

ஏலத்தில் சார் தேடியது அந்த ஒரு மூடியை. படம் மங்கலாக இருந்து, மூடிகள் சரியாகத் தெரியாவிட்டால், இருந்தாலும் இருக்கலாம் என்று கேட்டுவிடுவார். அப்படி வந்தவைதான் அத்தனையும்.

செப்டம்பரில் ஒருநாள் படியில் என்னை நிறுத்தினார். முகம் சரியில்லை.

“அண்ணன் அவன் மகன்கிட்ட போறான் தம்பி. ஆஸ்திரேலியா. ஜனவரில. இனிமே வரமாட்டானாம்.”

“போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க சார்.”

“வெறுங்கையோட எப்படிப் போறது?”

“ரெண்டு ஆப்பிள் வாங்கிக்கங்க.”

அவர் சிரித்தார், மரியாதைக்கு. வாயை மூடிக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பரில், ஆபீஸில் ஒரு ஷாம்புவுக்கு வாசகம் வராமல், பொழுதுபோகாமல் ஏலத் தளத்தைத் திறந்தேன். ஜெர்மனியில் யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள். கறுப்பு மரக் குழல், மூன்று துண்டு. கீழே குறிப்பு: ஒரு மூடி மாற்றப்பட்டுள்ளது, பொருத்தமற்ற பொருள், நிறம் வேறு. படத்தைப் பெரிதாக்கினேன். ஈறு. சத்தியமாக ஈறு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பல் செட் சிரிப்பதுபோல் இருந்தது.

ஏற்கெனவே யாரோ ஒருவர் ஒருமுறை கேட்டிருந்தார். யாரோ வெள்ளைக்காரர் என்று எண்ணிக்கொண்டேன். சாரிடம் உடனே ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும் நாட்களில் நான் வெளியில் போகாமலிருப்பது நல்லது. சாரிடம் சொன்னால் என்ன ஆகும்? ஒருமுறை கேட்பார், பட்டியலைப் பார்ப்பார், யாருக்கோ குளிரும் என்று விட்டுவிடுவார். மீன்காரம்மா செய்ததைத்தான் செய்ய வேண்டும். ஒளித்து வாங்கி, வாயைத் திறக்க விடாமல் கையில் திணிக்க வேண்டும். கழுதையாக உள்ளே போய், இருந்த விலைக்கு மேல் கேட்டேன். ‘இப்போது நீங்கள்தான் முன்னணியில்’ என்று பச்சை எழுத்தில் வந்தது. வாழ்க்கையில் அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நாலு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏலம் முடிகிறது. கடைசியில், இரண்டு நிமிஷம் இருக்கையில், பச்சை போய்ச் சிவப்பு வந்தது. உங்களைவிட அதிகமாகக் கேட்கப்பட்டுள்ளது.

யார்? எனக்குப் பட்டென்று தோன்றியது. சார்தான். அவரும் பார்த்துவிட்டார். லஸ் மாடியறையில், பிளாஸ்டர் தாடைகள் சூழ, கடைசி நிமிஷத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவன் விலைக்கு மேலே தன் விலையை வைக்கிறார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த நேரத்தில் அவரோடு போட்டி போடுகிறவன் மனுஷனா? பட்டியலைத் திறந்தால் நாடு தெரியும், ஒரு தட்டுத் தட்டினால் போதும். நான் திறக்கவில்லை. சந்தேகமே இல்லாதவன் எதற்குத் திறக்க வேண்டும்? விரலை எடுத்தேன். சமோசா வாங்கினேன்.

சாயங்காலம் படியேறும்போது சார் வாசலில் நின்றிருந்தார்.

“என்ன சார், சந்தோஷமா?” என்றேன், கண்ணைச் சிமிட்டாத குறையாக.

அவர் திருப்பிக் கேட்டார்: “உங்களுக்குச் சந்தோஷமா தம்பி?”

“எனக்கு ரொம்ப.”

“அது போதும்,” என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று, “வந்ததும் சொல்லுங்க. ஒருநாள் இரவல் வாங்கிக்கறேன். ஒரே ஒரு நாள்” என்றார்.

அந்த வாரம் நான் சுவரில் ஓட்டை போடும் டிரில் மெஷின் ஒன்றை ஆர்டர் செய்துவிட்டு, கட்டடம் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். அதைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தன் குழலை வைக்கப் பலகை அடிக்கப் போகிறார், அதை மறைமுகமாகச் சொல்கிறார். என்ன நயம் என்று வியந்தேன். மெஷின் வந்த அன்றே மேலே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“இந்தாங்க சார். ஒரு நாள் என்ன, ஒரு வாரம் வெச்சுக்கங்க.”

சார் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “நன்றி தம்பி” என்றார். மறுநாளே துடைத்துத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். மாதா படத்துக்கு மேலே ஒரு ஓட்டை போட்டதாகச் சொன்னார். அந்தப் படத்துக்கு ஏற்கெனவே ஆணி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டிசம்பரில் நானும் அவரும் மதிய வேளைகளில், லீவு நாளாக இருந்தால், பால்கனியில் நின்றோம். தபால்கார அம்மா தெருமுனையில் திரும்பினால் மேலேயிருந்து அவர் தலை எட்டிப் பார்க்கும், கீழேயிருந்து என் தலை எட்டிப் பார்க்கும். “இன்னா சார், மேலயும் கீழயும் காவலு? நானு இன்னா தங்கமா எடுத்துனு வரேன்?” என்று அந்த அம்மா டெலிபோன் பில்லைக் கொடுத்துவிட்டுப் போவார். சார் தன் பார்சலுக்குக் காத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். எட்டிப் பார்த்த தலை ஒவ்வொரு முறையும் என் கையைப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் கேக்கைக் கொடுக்க அவர் வந்தபோது, என்னால் அடக்க முடியவில்லை.

“சார், குழல் எப்ப வருது?”

“எந்தக் குழலு தம்பி?”

“அதான் சார். ஈறு கலர் மூடி.”

அவர் கேக் தட்டை மேஜைமேல் வைத்தார். “அது... நேத்துதான் போய்ப் பார்த்தேன். பெல்ஜியத்துல ஒருத்தருக்குப் போயிடுச்சே,” என்றார் மெதுவாக. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்ப உங்களுக்கு—” என்று ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம் சார், போன் அடிக்குது,” என்று நான் உள்ளே போனேன். போன் அடிக்கவில்லை. குளியலறையில் நின்று குழாயைத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ஜியத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவருக்காக நான் கண் கலங்கியிருக்கிறேன். வெளியே வந்தபோது கேக் மட்டும் இருந்தது. விற்றவருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன், குழலை எனக்கு விற்கும்படி வாங்கியவரிடம் சொல்லச் சொல்லி. பதில் இல்லை. சாரிடம் எதையும் சொல்லவில்லை. நகைச்சுவையாகச் சொல்ல ஒரு வழி கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். கிடைக்கவே இல்லை.

ஜனவரியில், அண்ணன் கிளம்பும் நாளன்று காலை, சார் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, “அடையாறு வரைக்கும் கொண்டுபோய் விடறீங்களா” என்றார். கையில் ஒரு பை. அதில் ஆப்பிள் இருந்தது.

தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார். நாலு வீடு தள்ளி, வாசலில் இரண்டு கார்கள், கயிறு கட்டிய பெட்டிகள், பத்துப் பதினைந்து பேர். நடுவில், எல்லாரையும்விடக் கொஞ்சம் உயரமாக, இவருடைய அதே நெற்றியோடு ஒருவர். யார் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் யாரிடமும் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இறங்குங்க சார்.”

“நெறைய பேர் வந்திருக்காங்க தம்பி. அவங்களும் பேசணுமில்ல. நேரம் வேற கம்மி.”

“அஞ்சு நிமிஷம் சார்.”

“அவங்க பேசட்டும்.”

ஹாரனில் என் கட்டைவிரல் இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கியிருந்தால் அந்த உயரமான மனிதர் திரும்பியிருப்பார். நான் அமுக்கவில்லை. அமுக்கினால் மரியாதையாக இருக்காது என்று பட்டது. பதினாறு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தால் வியாதி தொற்றாதா? திரும்பினோம். பாலத்தின் மேல் வரும்போது சார் என் முதுகுப் பக்கமிருந்து, “டிரில் மெஷின் நல்லா ஓடுதா தம்பி?” என்று கேட்டார். நல்லா ஓடுது சார் என்றேன். ஆப்பிள் பையைக் கட்டடத்துக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார்.

டீச்சர் அன்று சாயங்காலம் மாடிப்படியில் என்னிடம் சொன்னார்: “விட்டுக்குடுக்கறாருன்னு ஊரு சொல்லுது. பயப்படறாருன்னு எனக்குத் தெரியும்.”

அடுத்த வருஷம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஆள் வந்தார். சாரும் டீச்சரும் தங்கள் பங்கை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகளிடம் போனார்கள். நாங்கள் மந்தைவெளிக்கு வந்தோம். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்துப் படங்கள் போய் வரும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

போன வாரம் பழைய மின்னஞ்சல்களை அழித்துக்கொண்டிருந்தேன். என் போனில் சார்ஜ் போய்விட, மனைவியின் போனில் தொடர்ந்தேன். அந்த ஏலத்தின் சுட்டி கண்ணில் பட்டது. தட்டினேன். பக்கம் இன்னும் இருந்தது. என் போனில் திறந்திருந்தால் அது என்னை ‘நீங்கள்’ என்றுதான் காட்டியிருக்கும். மனைவியின் போனுக்கு என்னைத் தெரியாது. நான் மற்றவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தேன் என்பதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

மூன்று வரிகள். கடைசியில் வென்றவர், பெல்ஜியம். அதற்கு முன்னால் கேட்டவர், முதல் எழுத்து கே, கடைசி எழுத்து ஐ, இந்தியா. அது கழுதை. அதற்கும் முன்னால், எல்லாருக்கும் முதலில் கேட்டவர், முதல் எழுத்து பி, கடைசி எழுத்து ஆர். அதுவும் இந்தியா.

நான் வெள்ளைக்காரர் என்று நினைத்து யாருடைய விலையின் மேல் ஏறி நின்றேனோ, அவர் எனக்கு மேல் வீட்டில் இருந்தவர். தேதியும் மணியும் போட்டிருந்தது. அவர் கேட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. நான் கேட்ட பிறகு அவர் கேட்கவில்லை. நாலு நாள் இருந்தது, கேட்கவே இல்லை. உலகத்திலேயே பட்டியலைத் திறந்து நாட்டைப் பார்க்கும் ஒரே மனிதர். கழுதை என்ற பெயரைக் கேட்டுக் கையால் வாயை மூடிச் சிரித்த மனிதர். ஒரே ஒரு நாள் இரவல் கேட்ட மனிதர். அவரிடம் நான் டிரில் மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

“என்ன, மறுபடியும் ஏலமா?” என்றாள் மனைவி. “மொதல்ல சமையலறைக் குழாய் சொட்டிண்டிருக்கு, அதப் பாருங்கோ.”

குழாயைப் பார்த்தேன். அது சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் சாருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். விளம்பர வாசகம் எழுதுகிறவன். நாலு சொல்லில் முடிக்கத் தெரிந்தவன். அது மூன்று பக்கம் போயிற்று. மீன்காரம்மா, பச்சை எழுத்து, சமோசா, பெல்ஜியம், அடிக்காத போன், அழுத்தாத ஹாரன், எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு ஜோக்கும் போடவில்லை. கடைசியில் ஒரு கேள்வி: உங்களுக்கு மேலே கேட்டது நான்தான் என்று அப்போதே தெரியுமா சார்?

இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. மறுநாள் காலை, கோயம்புத்தூரில் பூசை முடிகிற நேரத்துக்குப் போன் ஒருமுறை ஒலித்தது. சாரிடமிருந்து ஒரே ஒரு வரி.

“தெரியும் தம்பி, உங்களுக்கு வேணும்போலன்னு விட்டுட்டேன்.”